கோஸ் வயலுக்கு அந்தப் பக்கம் மல்பெரி

ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் கோஸ். வரப்பைத் தாண்டினால் அண்ணனின் மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பதெல்லாம் அண்ணிதான்.

போன தை மாதம் கோஸ் இலையெல்லாம் சல்லடை. திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்னப் பச்சைப் புழுக்கள்; விரல் பட்டதும் பின்பக்கமாக நெளிந்து, நூல் விட்டுத் தொங்கின. வைரமுதுகு அந்துப்பூச்சியின் வேலை. எந்த மருந்துக்கும் சீக்கிரம் பழகிக்கொள்ளும் ஜாதி. மூன்று தரம் மருந்தடித்தும் பயனில்லாமல், பி.டி. (Bt) எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாத் தூளுக்கு மாறினேன். லிட்டருக்கு 2 கிராம்.

முதல் தடவை பதினோரு மணி வெயிலில் அடித்தேன். சுத்த வீண். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடித்தேன்.

விடிந்து போனால் புழு உயிரோடுதான் இருந்தது! இருநூறு ரூபாய் போச்சே என்று நொந்துகொண்டு உட்கார்ந்து கவனித்தேன். புதுக் கடி இல்லை, புது எச்சமும் இல்லை. இந்த பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரை ஓட்டையாக்கும். அதோடு தீனி நின்றுவிடும். மூன்றாம் நாள் புழுக்கள் கறுத்துத் துவண்டு கிடந்தன. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது.

பெருமையாக அண்ணியிடம் சொன்னேன். "புழுவைக் கொல்லுமா? அப்போ என் புழு என்ன ஆகும் தம்பி?" என்றார்.

திக்கென்றது. அடித்த அன்று காற்று மல்பெரிப் பக்கம்தான் வீசியது. ராத்திரி தேடிப் படித்தால் வயிற்றைக் கலக்கியது: 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்ததே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுக்களில்தான். துரிங்கியா என்ற ஜெர்மன் மாநிலத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு, மாவு அந்துப்பூச்சியிலும் அதைக் கண்டபோது.

வரப்போர மல்பெரி நான்கு வரிசையையும் அறுத்து மாட்டுக்குப் போட்டோம். நல்லவேளை, அண்ணி அந்த வரிசையில் இன்னும் இலை பறிக்கவில்லை.

இப்போது வரப்பையொட்டிய கோஸ் வரிசைகளுக்கு மருந்தே இல்லை, கையால்தான் புழு பொறுக்குகிறேன். நடுவில் இரண்டு வரிசை மக்காச்சோளம், காற்றைத் தடுக்க. ஆனாலும் நான் டேங்கைத் தோளில் மாட்டினால் போதும், அண்ணி வரப்பில் வந்து நின்று முந்தானையைத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்.