ஆஸ்டின் நாவலில் யார் யாரைத் திட்டுகிறார்கள்? எம்.ஏ. ஆங்கிலம் எழுதுவோருக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சேர்ந்து படிக்கும்போது ஒரு ஜூனியர் கேட்டாள், "அக்கா, இந்தப் பக்கத்துல கோபம் இருக்குன்னு சொல்றீங்க, எங்கக்கா திட்டுறாங்க?" நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் ஒருவருக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் முனை வீடு வரை கேட்கும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினிடம் பெரும்பாலும் குரல் உயராது, மரியாதைதான் குறையும்.

1813-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நெதர்ஃபீல்டு விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி எலிசபெத்தின் தங்கை மேரி பாட்டை நிறுத்துவதாக இல்லை. அப்பா பென்னட் எல்லோர் முன்னாலும், இவ்வளவு நேரம் எங்களை மகிழ்வித்தது போதும், மற்றப் பெண்களும் பாடட்டும் என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் பாராட்டு, ஆனால் மேரி குன்றிப்போகிறாள், எலிசபெத்துக்கோ தங்கையை நினைத்தும் வருத்தம், அப்பா பேசியதை நினைத்தும் வருத்தம். அந்த இரண்டாவது வருத்தத்தைப் பதிலில் கட்டாயம் எழுதுங்கள். தன் சகோதரி மகன் டார்சியை எலிசபெத் மணக்கக் கூடாது என்று மிரட்ட வரும் சீமாட்டி லேடி கேத்தரின் வேறு ரகம், கத்தவும் செய்வார், ஆனால் வண்டி ஏறும்போது விடைபெற மாட்டேன், உன் அம்மாவுக்கு விசாரித்ததாகவும் சொல்ல மாட்டேன் என்று அறிவித்துவிட்டுப் போவதுதான் உச்சம். நம் வீட்டில் கோபித்துக்கொண்ட அத்தை "போயிட்டு வரேன்" சொல்லாமல் படியிறங்குவது மாதிரி.

எனக்கு மிகப் பிடித்தது 'எம்மா'வின் 43-வது அத்தியாயம். (1815 டிசம்பரில் வெளிவந்த நாவல், அட்டைப் பக்கத்தில் 1816 என்றிருக்கும், ஒரு மார்க் கேள்விக்கு உதவும்.) பாக்ஸ் ஹில் குன்றுக்கு உல்லாசமாகப் போன இடத்தில் கதாநாயகி எம்மா, பாவம் வாயாடியான மிஸ் பேட்ஸை எல்லோர் முன்னாலும் கிண்டலடிக்கிறாள். எம்மாவின் குடும்ப நண்பர் நைட்லி அங்கேயே பதில் சொல்வதில்லை. வண்டிக்காக எம்மா காத்திருக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நீ செய்தது சரியில்லை என்கிறார், காரணமும் சொல்கிறார்: அவள் ஏழை, வசதியாக வாழ்ந்து நொடித்தவள், உன் கேலியைப் பார்த்து மற்றவர்களும் அவளை அப்படியே நடத்துவார்கள். பென்னட் சபையில் மகளைக் குத்துகிறார், நைட்லி தனியாக நியாயம் பேசுகிறார். கண்டிக்கிற விதத்தை வைத்தே ஆளை எடைபோடலாம் என்று ஆஸ்டின் நம்மை நடத்திக்கொண்டு போவது இங்கேதான் தெரிகிறது.

சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' (1847) இதற்கு நல்ல எதிர் உதாரணம். பள்ளி நிர்வாகி பிராக்கில்ஹர்ஸ்ட் சிறுமி ஜேனை ஸ்டூலில் ஏற்றிப் பள்ளியே கேட்கப் பொய்க்காரி என்கிறார், நமக்கோ அவர் மேல்தான் வெறுப்பு வருகிறது.

கைடில் இருக்கிற 'ஆஸ்டினின் நையாண்டி' என்ற வரியை மட்டும் எழுதினால் மார்க் விழாது. யார், யார் முன்னால், எந்த மரியாதையை நிறுத்திக்கொண்டு சொன்னார் என்று எழுதுங்கள், அப்புறம் திட்டு வாங்கியவர் மறுநாள் என்ன செய்தார் என்பதையும் சேருங்கள். வழியெல்லாம் அழுதுகொண்டு போன எம்மா மறுநாள் காலையிலேயே மிஸ் பேட்ஸைப் பார்க்கக் கிளம்புகிறாள், அது 44-வது அத்தியாயம், அதையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.