என் ஆய்வேடு களஞ்சியம் சேர்ந்த ஐந்து வாரங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே பகுதி நேரமாக முதுகலைப் படிப்பை முடித்தேன். ஆங்கிலேய முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்வதற்காக எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்த பால்மரத் தொழிலாளர்களின் நினைவுகளே என் ஆய்வுப்பொருள். வாய்மொழித் தேர்வும் திருத்தங்களும் முடிந்தபின், ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் நானே பதிவேற்ற வேண்டும் என்றார்கள். ஒரு மாலை வேலை என்று நம்பினேன்.

எங்கள் களஞ்சியம் ஈபிரிண்ட்ஸ் என்னும் மென்பொருளில் இயங்குகிறது. அது 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது, கட்டணமில்லாதது. தலைப்பு, மேற்பார்வையாளர், துறை ஆகிய கட்டங்களைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். ஆய்வுச்சுருக்கத்தை ஒட்டியபோதுதான் நெஞ்சு திக்கென்றது. தமிழுக்குப் பதிலாக, புள்ளியும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல் வந்து நின்றது. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்ததே காரணம். திரையிலும் தாளிலும் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருந்தவை வேறு எழுத்துகளின் குறியீடுகள். அப்படியே ஏற்றியிருந்தால், 'தோட்டம்' என்று தேடும் எவருக்கும் என் ஆய்வேடு அகப்பட்டிருக்காது. பார்வைக்கு ஒழுங்காக இருப்பதால் இந்தக் குறையை எளிதில் கவனிக்கத் தவறுகிறோம். தமிழில் ஆய்வு செய்வோர் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்யும்போதே இதைச் சோதித்துவிட வேண்டும்.

பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்கும் நிரலிலும் முழுத்தீர்வு இல்லை. பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னே தட்டப்படும், ஒருங்குறியில் உயிர்மெய்க் குறி பின்னே வர வேண்டும். ஆகவே பல இடங்களில் கொம்பு தனியே தொங்க, 'தோட்டம்' என்பது 'தாட்டம்' ஆகியிருந்தது. பள்ளி விட்டு வந்து இரவு பத்து, பதினைந்து பக்கங்களாக, அச்சுப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்தினேன். நான்கு வாரங்கள் அதற்கே போயின.

பதிவேற்றிய மூன்றாம் நாள் நூலக அலுவலர் கோப்பைத் திருப்பி அனுப்பினார். பின்னிணைப்பில் ஒரு தாத்தாவின் பங்குப் புத்தகத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். மூலை மடங்கி, ரப்பர்ப் பால் கறை படிந்த அந்த ஏட்டில் அவருடைய அடையாளக் கார்டு எண் பளிச்சென்று தெரிந்தது. என் கண்ணிலும் தேர்வாளர்கள் கண்ணிலும் படாதது அந்த அலுவலர் கண்ணில் பட்டதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆய்வேட்டை யாரும் படிக்கும்படி திறந்த அணுக்கத்திலும், பின்னிணைப்பைத் தனிக் கோப்பாகப் பிரித்து வேண்டுகோளின் பேரில் மட்டும் கொடுக்கும்படியும் வைக்கலாம் என்று வழிகாட்டியவரும் அவரே. அப்படியே செய்தேன், ஐந்தாம் வாரக் கடைசியில் ஒப்புதல் கிடைத்தது.

அடுத்த மாதமே, பின்னிணைப்பு வேண்டும் என்று ஓர் ஆய்வு மாணவியின் வேண்டுகோள் களஞ்சியம் வழியாக என் மின்னஞ்சலுக்கு வந்தது. மறுமொழி எழுதும் முன் தாத்தாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நம்பர மறச்சிட்டு குடும்மா, படிக்கிற புள்ளதானே," என்றார். அன்றிரவே எண்ணை மறைத்து அனுப்பிவைத்தேன்.