அந்தச் சின்ன 'கேன்'

ஒருமுறை அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரிடம் தொலைபேசியில் "ஐ கேன் டூ இட்" என்றேன், ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக அழுத்தி. என்னால் முடியாது என்று அவர் புரிந்துகொண்டார்! காரணம் பிறகுதான் விளங்கியது. அவர்கள் பேச்சில் 'கேன்ட்'டின் கடைசி 'ட்' பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால் உயிரொலி முழுதாகக் கேட்டால் எதிர்மறை, 'க்ன்' என்று சுருங்கினால் உடன்பாடு என்றே காது பிரித்தெடுக்கிறது.

இந்தச் சுருங்கிய ஒலிக்கு 'ஷ்வா' என்று பெயர். டு, ஆஃப், ஃபார், அண்ட் எல்லாம் வாக்கிய நடுவில் இப்படித்தான் தேய்கின்றன. 'கப் ஆஃப் டீ' அவர்கள் வாயில் ஏறக்குறைய 'கப்ப டீ'.

நமக்கு இது புதிதே இல்லை என்பேன். 'பாட்டு', 'காற்று' என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதட்டைக் குவிக்கிறோமா? இல்லையே, அரை மாத்திரையில் விட்டுவிடுகிறோம், அதுதானே குற்றியலுகரம். அந்த அலட்சியத்தையே ஆங்கிலச் சிறுசொற்களுக்கும் கொடுங்கள்.

'ஐ வென்ட் டு த ஷாப் ஃபர் சம் மில்க்' என்ற வாக்கியத்தை நான் பழகிய விதம் இது: முதலில் 'வென்ட், ஷாப், மில்க்' என்று மேசையில் தட்டிக்கொண்டே சொல்வேன், அப்புறம் தட்டும் வேகம் மாறாமல் இடையில் 'டு த', 'ஃபர் சம்' என்பவற்றை நுழைப்பேன்.

சரி, எல்லா இடத்திலும் சுருக்கிவிடாதீர்கள். வாக்கியம் அந்தச் சொல்லிலேயே முடிந்தால் முழு ஒலி வேண்டும்: "எஸ், ஐ கேன்."