லந்து எது, வம்பு எது

விடியற்காலை மூன்றரை மணி. மதுரைக்குப் பக்கத்தில் எலியார்பத்தி, வலையங்குளம் பக்கம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லித் தோட்டத்தில் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வண்டியேற்ற வேண்டும். அந்த அவசரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறக்கிறவருக்கு வரத்து எப்படி, விலை என்ன என்று தெரிய வேண்டும். முதலில் கண்ணில் படுவதோ ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம். மல்லி விவசாயிக்கு ரோஜாப்பூ!

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் களப்பணி பார்க்கிறேன். குழுவை மேய்ப்பது சம்பளத்தில் சேராத வேலை. நாங்கள் தொடங்கியபோது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. 2022-இல் அதை 512 ஆக்கி, அந்த வருஷக் கடைசியிலேயே 1024 ஆக்கிவிட்டார்கள். எங்களிடம் இப்போது 430 பேர்.

காலை வணக்கம், கட்சி வீடியோ, 'காணவில்லை' படம் (அந்தப் பையன் வீடு திரும்பிக் காலேஜே முடித்திருப்பான்) இதையெல்லாம் அடக்குவது பெரிய காரியமில்லை. போட்டதும் அழித்துவிட்டு, தனியாக 'அண்ணே, இது பூ குரூப்பு' என்று ஒரு வரி. நாலு தடவையில் அடங்கிவிடும்.

என்னைத் தூங்கவிடாமல் அடித்தது லந்து. மதுரைக்காரனிடம் போய் லந்து பண்ணாதே என்று சொல்ல முடியுமா? டீக்கடையில் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்வதுதான் இங்கே பாசம். ஆனால் அங்கே வாரப்பட்டவர் முகம் சுண்டினால் வாரியவனுக்கே தெரிந்துவிடும். 'சும்மா சொன்னேண்ணே' என்று ஒரு வடையை நீட்டிவிடுவான். போனில் முகம் ஏது, வடை ஏது.

ஒரு நாள் ஒரு தம்பி ஊதா பாய்ந்த மொட்டைப் படம் எடுத்துப் போட்டு, என்ன மருந்து அடிக்க என்று கேட்டார். மொட்டுப்புழுதான் என்று பத்துப் பேர் பத்து மருந்து சொன்னார்கள். எழுதத் தெரியாத ஒரு பெரியம்மா குரல் பதிவு அனுப்பினார்: "தம்பி, மொட்டைப் பிச்சுப் பாரு. பக்கத்துல ஓட்டை இருந்தா புழு. ஓட்டையில்லாம அடியில வீங்கியிருந்தா அது வேற. மேல மருந்து அடிச்சு ஆகாது, செடிக்கு அடியில மண்ணைக் கொத்திவிடு." அந்தக் குரலை வெட்டி, பின்னால் காமெடி சத்தம் சேர்த்து, 'விஞ்ஞானி ஆத்தா' என்று ஒருவர் போட்டார். வாயுள்ள பிள்ளை, விவரமானவரும்கூட. வரிசையாகச் சிரிப்புப் பொம்மை. ராத்திரி சாம்பல் எழுத்தில் ஒரு வரி: பெரியம்மா வெளியேறினார்.

மூன்று நாள் கழித்து அந்தத் தம்பியின் தோட்டத்துக்குப் போனேன். மொட்டில் ஓட்டை இல்லை. அடி வீங்கியிருந்தது. நகத்தால் பிளந்தால் உள்ளே நூல் நுனி மாதிரி வெள்ளைப் புழுக்கள். மொட்டு ஈயின் புழு. இது மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழு ஆகும், அதனால்தான் கொத்திவிடச் சொல்கிறார்கள். பெரியம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை. அதற்குள் அந்தத் தம்பி இரண்டு முறை மருந்து அடித்திருந்தார்.

கோபத்தில், அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டினேன். ஒரு மாசம் குழு தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் போர்டு மாதிரி கிடந்தது. சண்டை இல்லை, கேள்வியும் இல்லை. ஒரே கேள்வியை முப்பது பேர் தனித்தனியாக எனக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். திறந்துவிட்டேன்.

திறந்த வாரத்திலேயே அடுத்த கூத்து. தை முகூர்த்தம், பனியால் வரத்து குறைந்து விலை ஏறியிருந்த நேரம். விளையாட்டுக்கு ஒருவர் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டிப் போட்டார். அதை நம்பிய ஒரு பெரியவர், இருபது வருஷமாகப் பூ போட்ட கமிஷன் கடைக்காரரிடம் 'என்னை ஏமாத்திட்டியே' என்று சண்டைக்குப் போய்விட்டார். இதை லந்து என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றிலிருந்து விலை போடுகிறவர் கடைச் சீட்டையும் சேர்த்துப் படம் போட வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிடுவேன். நான் போட்ட விதிகளில் உருப்படியாக நின்றது இது ஒன்றுதான்.

"எவனாவது எதையாவது போட்டா அட்மின்தான் உள்ள போவான்" என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட பதிவுக்கு அட்மினையும் சேர்த்த வழக்கு ஒன்று ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு வந்தது. அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யவில்லை என்றால் போலீசின் இறுதி அறிக்கையில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றது கோர்ட். வக்கீல்கள் குழுவிலேயே வழக்கு வரைக்கும் போகிறதென்றால், பூக்காரர்கள் நாங்கள் எந்த மூலைக்கு?

இப்போதெல்லாம் யாரையும் நீக்கும் முன் போன் போட்டுவிடுகிறேன். முடிந்தால் நேரிலும் போவேன். எழுத்தில் எகிறுகிறவர் நேரில் "வாங்கண்ணே, மோர் குடிக்கிறீங்களா" என்பார். பாதிப் பேருக்கு, தான் போட்டது இன்னொருவருக்கு வலித்ததே தெரிந்திருக்காது. விலையைக் கூட்டிப் போட்டவர் அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். 'விஞ்ஞானி ஆத்தா' ஆசாமி கேட்கவில்லை. "குரூப்புன்னா நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும்" என்றார். நீக்கினேன். அவர் தனிக்குழு தொடங்கினார். எங்கள் ஆட்கள் நாற்பது பேர் அதிலும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

பெரியம்மா திரும்பவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "எனக்கெதுக்குய்யா அது" என்று கூடை நிறையக் கத்தரிக்காயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கவாத்து, செம்பேன், தங்கச்சிமடத்து மல்லி நாற்று என்று யார் எதைக் கேட்டாலும் இப்போது அவருக்குப் போன் அடித்துக் கேட்டு நான்தான் எழுதுகிறேன்: 'ஒரு பெரியம்மா சொன்னது'. போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார், "யாருண்ணே அந்தப் பெரியம்மா? குரூப்புல சேத்துவிடுங்களேன்."