ஹார்மோனியக்காரர்களைத் தேடிப் போன கதை

நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்துவந்து நடத்திய பழைய ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்) யார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்) யார் என்று கேட்டால் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. ஹார்மோனியம் வாசித்தது யார் என்று கேட்டால் "யாரோ ஒருத்தர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1920, 30களில் மேடையோரம் உட்கார்ந்து, பின்பாட்டும் பாடி, நடிகர் எந்தச் சுருதிக்குப் போனாலும் கூடவே போனவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று இறங்கினேன். நாடகம், இசை என்று தேடப் போகிற வேறு யாருக்காவது அலைச்சல் குறையட்டும் என்று, எங்கே என்ன கிடைத்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

கேட்டவர்களெல்லாம் முதலில் கைகாட்டியது வானொலியை. அது நமக்கு ஆகாது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஹார்மோனியத்துக்கே தடை. கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைக்கும் நயம், பேசாத வெளிநாட்டுப் பெட்டி என்பது அன்றைய வாதம். நாடகக் கொட்டகை அந்த வாதத்தையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஆக, ஒலியை விட்டுவிட்டு முதலில் காகிதத்தைத் தேட வேண்டியதாயிற்று.

காகிதம் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான். கோட்டையூர் முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்தவர். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, இங்கேயே இருக்கும்படி 1994இல் நூலகமாக்கியது. அலமாரிக்குள் நாமே புகுந்து துழாவ முடியாது. வேண்டியதை எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருவார்கள். என்ன தேடுகிறோம் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போவது உத்தமம்.

எழுதிக் கொடுக்க வேண்டுமானால் அட்டவணையில் அந்தப் பொருள் அகப்பட வேண்டுமே. இங்கேதான் பலரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பதியும் பெரிய அட்டவணைகளில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி, ச எப்போதும் 'சி' (c), த எப்போதும் 'டி' (t), க எப்போதும் 'கே' (k). உச்சரிப்பைப் பார்ப்பதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை 'எஸ்' (s) போட்டுத் தேடினால் கைக்கு வருவது கொஞ்சம்தான். 'சி' போட்டால் வரிசையாக வருவார். ஒற்று மிகுவதும் கணக்கில் உண்டு. 'வள்ளித் திருமணம்' ஓர் இடத்தில், 'வள்ளி திருமணம்' இன்னோர் இடத்தில். தமிழில் தேடும் தளங்களில் 'ஹார்மோனியம்', 'ஆர்மோனியம்' இரண்டையும் போட்டுப் பாருங்கள். எனக்கு ஆர்மோனியத்தில்தான் அதிகம் வந்தது.

நோட்டீஸ் மேஜைக்கு வந்ததும் ஒரு தனி உலகம். மேலே தெய்வம் துணை, நடுவில் நாடகத்தின் பெயர் கொட்டை எழுத்தில், அப்புறம் நடிகர்களின் பட்டங்கள். கீழே போகப் போக எழுத்து சிறுக்கிறது. சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று டிக்கெட் விலைக்கு மேலே, மிருதங்கக்காரரோடு ஒரே வரியில் ஹார்மோனியக்காரர். நான் பார்த்த ஒன்றில் அவருடைய ஊர்ப்பெயர் மடிப்பில் சரியாக விழுந்து கிழிந்திருந்தது.

தேதியும் கிழமையும் இருக்கும், வருடம் இருக்காது. அன்றைக்கு ஊரில் ஒட்டுகிற நோட்டீஸுக்கு வருடம் எதற்கு? அதனால் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தேதி அதே கிழமையில் 5, 6 அல்லது 11 வருடத்துக்கு ஒருமுறைதான் விழும் என்பதால், அந்த இருபது வருடத்துக்குள் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் இரண்டு முதல் நாலு வருடம் மட்டுமே மிஞ்சும். அதைக் குறைக்க உதவியது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர். அதே அச்சகம் எந்தக் காலத்தில் நாடகப் பாட்டுப் புத்தகம் போட்டது என்று பார்த்தால் வருடம் ஓரளவு பிடிபட்டுவிடும். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி மாகாணத்தில் வெளியான புத்தகங்களுக்குக் காலாண்டுப் பட்டியல் உண்டு. தலைப்பு, அச்சகம், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை என்பதுவரை அதில் கிடைக்கும். இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். நாடகத்துக்கு ஏனோ அவ்வளவாக யாரும் கைவைக்கவில்லை.

அந்தப் பட்டியலைத் தேடி ஒரு பழைய நூலகத்துக்கும் போனேன், பெயர் வேண்டாம். நான் கேட்ட தொகுதிகள் எல்லாம் "பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்". எப்போது வரும் என்றதற்குச் சிரிப்புதான் பதில். வேறு இடத்தில் நுண்படச் சுருளாக (மைக்ரோஃபிலிம்) பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக இசைத்தட்டு. லேபிளில் பாடியவர் பெயர் இருக்கும், பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஹார்மோனியம் தனியாக வரும் சில நொடிகளை வைத்தே வாசிப்பு யாருடைய பாணி என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸில் அதே ராஜபார்ட்டோடு அதே பெயர் வந்தால் மட்டும் சேர்த்தேன். ஓடியன் கம்பெனித் தட்டுகளுக்கு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் மும்பை இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் எண்மமாக்கியவற்றில் தேடலாம். தட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பாட்டின் முதல் அடியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பாட்டை நாலு பேர் பாடியிருப்பார்கள்.

ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் என்பதால் 1930களின் தட்டுகளில் அந்தச் சிக்கல் இல்லை. நோட்டீஸின் படத்தை அச்சிட நூலகத்தின் அனுமதி தனியாக வேண்டும். நகல் கேட்கும்போது அந்த அடிவரியும் சேர்ந்து வரும்படி சொல்லிவிடுங்கள். விளிம்பு வெட்டுப்பட்டால் அச்சகத்தின் பெயர் போய்விடும். நான் அனுமதிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் கட்டுரை அச்சுக்குப் போகும்.