பர்கூர் மலைக்குப் போகிற வழியில் பத்துச் சுற்று

அந்தியூரில் டீக்கடைக்கு எதிரே காரைத் திருப்பும்போதுதான் அந்தக் கோளாறு முதல் தடவையாக முழு வேகத்தில் தலைகாட்டியது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து மெதுவாக நகர்த்தினேன், பின்னாலிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்துப் பிடித்து விடுகிற மாதிரி வண்டி நின்று நின்று குலுங்கியது. கியர் கம்பிக்குக் கீழே டொக், டொக் என்று சத்தம். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனோ என்று குனிந்து பார்த்தேன், இல்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் எழுந்து, "என்ன மாப்ள, கல்லு மேல ஏத்திட்டியா?" என்றான்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கோயமுத்தூரை விட்டுக் கிளம்பி அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், அத்தாணி என்று வந்திருந்தோம். சத்தி தாண்டியதும் பவானி வாய்க்கால் பாயும் பக்கம், இரண்டு ஓரமும் கரும்பும் வாழையும், ஜன்னலை இறக்கிவிட்டால் போதும், ஏசி வேண்டாம். அந்த நேர் ரோட்டில் வண்டி வெண்ணெய் மாதிரிதான் வந்தது. திருப்பத்தில் மட்டும்தான் வியாதி.

வியாதி புதிதும் இல்லை. ஒரு மாசம் முன்னாடியே பார்க்கிங்கில் திருப்பும்போது லேசாக நடுங்கும். சர்வீஸ் சென்டரில் காட்டினேன், பெயர் வேண்டாம். வண்டியை அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டு, "டிரான்ஸ்பர் கேஸ் போச்சு சார், செட்டாத்தான் மாத்தணும், ஒன்றரை லட்சம் ஆகும்" என்றார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். பர்கூர் மலை மாட்டைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த பயணம், இதற்காகத் தள்ளிப்போட மனசில்லை.

டிரான்ஸ்பர் கேஸ் என்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி. எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. என் வண்டியில் சாதாரணமாகப் பின்சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால், பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்தி முன்சக்கரத்துக்கும் சக்தியைக் கொடுக்கும். ஆனால் திருப்பத்தில் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம் போடும், அதனால் முன் ஷாஃப்ட் (முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) கொஞ்சம் வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் பிளேட்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டால் முன்னும் பின்னும் மல்லுக்கட்டும். சேற்றில் என்றால் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும், காய்ந்த தார் ரோட்டில் அதற்கு வழியே இல்லை. அந்தக் குலுக்கல் அதுதான்.

டீக்கடைக்காரர் பவானி ரோட்டில் ஒரு டிராக்டர் பட்டறையைக் கைகாட்டினார். டிராக்டர் மெக்கானிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். நாலு சக்கரமும் இழுக்கும் போர் வீல் டிராக்டர்களோடு நாளெல்லாம் மாரடிக்கிறவருக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும், சட்டையெல்லாம் கிரீஸ். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "வெசனப்படாதீங்க தம்பி, பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பக்கத்து ரைஸ் மில் களத்துக்கு வண்டியை விடச் சொன்னார். அன்று நெல் காயப்போடவில்லை, காலிக் களம். ஸ்டியரிங்கை ஒடித்து, ஆக்சிலேட்டர் தொடாமல் வட்டம் போட்டேன், அவர் கூடவே நடந்தார். "வீல் ஜாயிண்ட் இல்லீங்க. அதுன்னா டிக் டிக்னு சக்கரத்துகிட்ட கேக்கும். இது நடுவுல கேக்குதுங்."

அடுத்ததாக டிரான்ஸ்பர் கேஸுக்குப் போகும் பியூஸைப் பிடுங்கினார். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுபடி வட்டம். குலுக்கல் சுத்தமாக இல்லை!

"உள்ளார ஜாம் ஆகியிருந்தா பியூஸைப் புடுங்குனாலும் குலுங்கும். கம்ப்யூட்டர் புடிக்கச் சொல்லுது, அது புடிக்குது. ஏன் சொல்லுதுன்னுதான் பாக்கோணும்" என்றவர், டயர்களைச் சுற்றி வந்து, "முன்னாடி ரெண்டும் எப்ப மாத்துனீங்?" என்று கேட்டார்.

நாலு மாசம் முன்பு. பின்டயர் இன்னும் ஓடும் என்று காசை மிச்சம் பிடித்தது நான்தான். முன்டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு) 8 மில்லிமீட்டர் இருந்தது, பின்னால் 3.

சாக்பீஸ் எடுத்தார். முன்டயர், பின்டயர் இரண்டிலும் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. நியூட்ரலில் போட்டு, நானும் மச்சானும் பட்டறைப் பையனும் நேராகத் தள்ளினோம், அண்ணன் முன்டயர் கோட்டை எண்ணிக்கொண்டே வந்தார். பத்தாவது சுற்றில் முன்கோடு சரியாகத் தரைக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னார். பின்டயரின் கோடு தரையைத் தாண்டி ஒன்றரைச் சாண் மேலே ஏறியிருந்தது.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. 5 மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் சுற்றளவில் 3 சென்டிமீட்டர் குறைவு. கிலோமீட்டருக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய ஆறு சுற்று அதிகம் சுற்றுகிறது, கோயமுத்தூரிலிருந்து வருவதற்குள் அறுநூறுக்கு மேல். பின்சக்கரம் வேகமாகச் சுற்றுவதைப் பார்க்கும் கம்ப்யூட்டர், பாவம், அது வழுக்குகிறது என்று நினைத்துப் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அரை மணி நேரம் வைத்திருந்த சர்வீஸ் சென்டரில் ஒருத்தரும் டயரைக் குனிந்து பார்க்கவில்லை. சரி, நானும்தான் பார்க்கவில்லை.

கடைசியாக, டிரான்ஸ்பர் கேஸில் மேலே இருக்கும், ஆயில் ஊற்றும் போல்ட்டைத் திறந்து சுண்டு விரலை விட்டு எடுத்தார். கறுப்பு. முகர்ந்து பார்க்கச் சொன்னார், தீய்ந்த வாடை. (நீங்களே செய்வதானால் மேல் போல்ட்டை முதலில் திறந்துவிடுங்கள். ஆயிலை வடித்துவிட்டு மேல் போல்ட் வரவில்லை என்றால் வண்டி அங்கேயேதான்.) மாற்றித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். "எங்கிட்ட டிராக்டர் ஆயில்தான் இருக்குது. இதுக்குன்னு இருக்கற ஆயில்தான் ஊத்தோணும், கண்டதை ஊத்துனா பிளேட் போயிரும்." முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், அதுவும் பையன் தள்ளியதற்காம். பியூஸைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து, "இப்ப பின்சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். சேத்துல எறக்கீராதீங்க" என்றார். பிரேக் சம்பந்தமான எச்சரிக்கை விளக்கு எதுவும் கூடவே எரியவில்லை என்பதையும் பார்த்துத்தான் அனுப்பினார். எரிந்தால் அந்தப் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு மலையேறக் கூடாது.

வறட்டுப்பள்ளம் செக்போஸ்ட் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன், ஒன்றும் இல்லை. தாமரைக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை மறித்துக்கொண்டு மாடுகள் வந்தன. செம்மண் நிறத்தில், யாரோ சுண்ணாம்பு தெளித்துவிட்ட மாதிரி வெள்ளைத் திட்டுகள், பர்கூர் மாடு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஓட்டி வந்த பெரியவர் கன்னடத்தில் ஏதோ அதட்டினார், மாடுகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போயின. பொழுதோட இறங்கிவிட்டோம்.

கோயமுத்தூர் வந்து, முன்னால் இருந்த அதே கம்பெனி, அதே அளவு டயர் இரண்டு பின்னால் போட்டேன். கம்பெனி சொல்லும் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடித்தது. வடித்த போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது, இரும்புத் துணுக்கு இல்லை, அது ஆறுதல். பியூஸை மாட்டி, காலி மைதானத்தில் இருபது தடவை எட்டுப் போட்டேன். புது ஆயில் பிளேட்டுகளுக்கு நடுவே போக வேண்டுமல்லவா, முதல் நாலைந்து எட்டில் லேசாக நடுங்கியது, அப்புறம் நின்றது. மொத்தச் செலவு 27,000.

அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சந்தோசமுங். பத்துச் சுத்து உருட்டிப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பையனின் ஸ்கூல் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து அவர்களாகவே வந்து தள்ளினார்கள். பத்தாவது சுற்றில் பின்கோடு இரண்டு விரல்கடைதான் தள்ளியிருந்தது.