தரம் நான்கின் பூச்சிக் கொப்பி

ஒக்டோபர் 7
சுற்றாடல் பாடத்தையும் தமிழ் எழுத்துப் பயிற்சியையும் ஒன்றாகவே நடத்தத் தொடங்கினேன். பாடசாலை வளவின் தேசி மரத்தில் வண்ணத்துப்பூச்சியின் குடம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி; கண்ணால் காணாததை அதில் எழுதக்கூடாது என்பது மட்டுமே விதி.

ஒக்டோபர் 10
பெரும்பாலான கொப்பிகளில் “புழு அழகாக இருக்கிறது” என்றே இருந்தது. மீண்டும் மரத்தடிக்கு அனுப்பினேன். வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கும் ஒரு மாணவன், “கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை. காகத்தின் எச்சம் என்று நினைத்தேன். பிறகு அது அசைந்தது” என்று எழுதி வந்தான். எச்சமென்று எண்ணிப் பறவைகளும் அதைத் தின்னாமல் விடுகின்றன என்பதை அவனுடைய வாக்கியங்களைக் கொண்டே வகுப்புக்கு விளக்கினேன்.

ஒக்டோபர் 15
குடம்பிகள் தோல் கழற்றிப் பச்சையாகிவிட்டன. ஈர்க்கினால் மெல்லத் தொட்டபோது, தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற சதைப்பகுதி வெளியே வந்தது. அதன் மணமே எறும்பு போன்ற எதிரிகளை விலக்குகிறது. அந்த மணத்தை எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் நீண்ட நேரம் வாதாடி, இறுதியில் “புளித்த தயிர் மணம்” என்பதில் உடன்பட்டார்கள். சரியான சொல்லுக்காக இவ்வளவு நேரம் செலவிடும் தமிழ்ப் பாடம் எங்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

ஒக்டோபர் 24
மழைக்குப் பின் மைதானமெங்கும் தம்பளப்பூச்சிகள். “சேர், இதுக்கு எட்டுக் காலெல்லோ!” என்று ஒரு சிறுமி கூவினாள். பூச்சிகளுக்கு ஆறு கால்களே என்று படித்திருந்ததால், காரணத்தோடு முடிவெழுதும்படி சொன்னேன். “எட்டுக் கால்கள் இருப்பதால் இது பூச்சி இனம் அன்று, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு” என்று கரும்பலகையில் எழுதினாள். “ஆல்” உருபைப் பயிற்சிப் புத்தகத்தில் பலமுறை நிரப்பியவர்கள், தமக்குத் தேவைப்பட்டு அதைக் கையாண்டது இன்றுதான்.

ஒக்டோபர் 30
புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று ஒரு தாயார் கேட்டார். மகளின் முதற்பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே காட்டினேன். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த வண்ணத்துப்பூச்சியின் சுருங்கிய சிறகுகளுள் உடலின் திரவம் பாய்ந்து அவை விரிவதை, இன்று அவள் ஒன்பது வரிகளில், நிகழ்ந்த ஒழுங்கு மாறாமல் எழுதியிருந்தாள்.

அடுத்தது மாமரத்து முசுறுக் கூடு. இலைகளைப் பிணைக்கும் நூலை வளர்ந்த எறும்புகளால் சுரக்க முடியாது. நூல் சுரக்கும் தம் குடம்பிகளைக் கவ்விப் பிடித்தே அவை தைக்கின்றன. இதை நான் முதலில் சொல்லப்போவதில்லை. கூட்டைத் தூரத்திலிருந்து பார்த்து, கேள்விகளைப் பிள்ளைகளே எழுதி வரட்டும்.